அம்மாவுக்குக் குளிர் ஆகாது

நான் அருப்புக்கோட்டையில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். இருபது வருடத்துக்கு மேலாக அடுத்தவர் வீட்டுப் பெட்டிகளைக் குளிரவைத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. "கூலிங்கே நிக்க மாட்டேங்குதுண்ணே" என்று யாராவது போன் செய்தால் பாதி வியாதியைப் போனிலேயே சொல்லிவிடுவேன். முகூர்த்த நாளில் மல்லிகைப்பூவைப் பையோடு திணித்து, காற்று வருகிற ஓட்டையை அடைத்திருப்பார்கள். இல்லையென்றால் தெருவில் பத்து வீட்டுத் தண்ணீர் பாட்டிலும் அந்த ஒரு ஃப்ரீசருக்குள் கிடக்கும். கதவு ரப்பரில் இட்லி மாவு வழிந்து காய்ந்திருக்கும். "கேஸு போயிருச்சு போல" என்று வியாதிக்கு அவர்களே பெயரும் வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.

நான் போய் ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துக் காட்டுவேன். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். "வாய மூடுனாத்தானம்மா பொட்டி குளுரும்? தொறந்து போட்டுட்டு மெசினத் திட்டுனா அது என்ன செய்யும்?" என்று ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரை எடுப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதற்காகவே என்னைக் கூப்பிடாத வீடுகள் பந்தல்குடி ரோட்டில் நாலைந்து இருக்கின்றன.

இப்படிப்பட்டவனைப் பெற்ற அம்மாவுக்குக் குளிர் ஆகாது. சிறுவயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு. மார்கழி பிறந்தால் நெஞ்சு பூனை மாதிரி சத்தம் போடும். எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் வீட்டுக்கு நான் ஒரு நல்ல ஃப்ரிட்ஜைக் கொண்டுபோய் வைத்தபோது, அதை என்னமோ மாடு கட்டிவைத்த மாதிரி சுற்றிப் பார்த்தாள். அதிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்ததில்லை. எங்களுக்காகத் திறக்கும்போதுகூட முந்தானையை எடுத்துத் தலையோடு போர்த்தி, ரெண்டு காதையும் மூடி, தாடைக்கு அடியில் செருகிக்கொண்டுதான் திறப்பாள்.

"வெளிய சித்திரை வெயிலு மண்டையப் பொளக்குது. நீ என்னம்மா காசிக்குப் போறவ மாதிரி மூடிக்கிட்டு நிக்க?"

"நீ ஊருக்கெல்லாம் குளுர விக்கிறவன். வாங்கிக்கிடுறவளுக்குத்தான தெரியும்" என்பாள். 

அப்பா இறந்தது ஒன்பது வருடங்களுக்கு முன்னால், ஐப்பசியில். எங்கள் பக்கம் வருடம் பூராவும் பெய்யாத மழை அந்த ரெண்டு நாளில் பெய்தது. தங்கச்சி வளைகுடாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இறந்தவர்களை வைக்கிற கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டியை டவுனிலிருந்து வரவழைத்திருந்தோம். காலையில் கரண்டு போனது, வரவில்லை. மத்தியானம் ஊர்ப் பெரியவர்கள் என்னைச் சுற்றி நின்று, "நீதான மெக்கானிக்கு. நீயே சொல்லு, தாங்குமா?" என்றார்கள்.

தங்கச்சி அப்போது சென்னையில் இறங்கியிருந்தாள். "அண்ணே, ராத்திரிக்குள்ள வந்துருவேண்ணே, கொஞ்சம் பொறுத்துக்கிருங்கண்ணே" என்று போனில் கெஞ்சினாள். நான் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். தொழில் தெரிந்தவன் என்கிற தோரணையோடு, "தாங்காது. எடுத்துருவோம்" என்றேன். நாலு மணிக்கு எடுத்தோம். ஐந்து மணிக்குக் கரண்டு வந்தது. 

அவள் வந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தோம். பெட்டியைத் திருப்பி ஏற்றிப் போய்விட்டார்கள். அவள் கத்தி அழுதிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். "மொகத்தக்கூடக் காட்டாம எடுத்துட்டியேண்ணே" என்றாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் போனில் "நல்லாருக்கியாண்ணே, சாப்பிட்டியாண்ணே" என்று எல்லாம் கேட்பாள். ஆனால் எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் செய்தது தப்பு. பெட்டி தாங்கியிருக்கும். குளிர்ந்த பெட்டியைத் திறக்காமல் வைத்தால் எத்தனை மணி நேரம் குளிர் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? மழை, கூட்டம், ஆளாளுக்கு நேரமாகுது என்று சொன்னது, எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்தால் போதும் என்று எனக்கு இருந்தது. அதைத்தான் தொழில் பேச்சாகச் சொன்னேன்.

அம்மாவுக்கு இது தெரியும். போன தை மாதம் தங்கச்சி லீவு முடிந்து கிளம்பிப் போன அன்று, நெல் அவித்துக் காயப்போட்ட களத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏய்யா, எனக்கு ஐஸுன்னா ஆகாது. ஒனக்கே தெரியும்."

"அதுக்கு என்ன இப்ப?"

"நான் போனா, அவ வர்ற வரைக்கும் அந்தப் பொட்டியில வைய்யி. நான் பொறுத்துக்கிடுறேன்."

"வெளக்கு வைக்கிற நேரத்துல பேசுற பேச்சப் பாரு" என்று எரிந்து விழுந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை அம்மா போய்விட்டாள். இழுப்பு வந்து மருந்து எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. நான் தங்கச்சிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும், "வச்சிருப்பியாண்ணே?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"வச்சிருப்பேன்" என்றேன்.

பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் முன்கூடத்தில் இறக்கி, பிளக்கைச் செருகி, தலைமாட்டில் இருந்த ஸ்விட்சைக் காட்டிவிட்டு அடுத்த சாவுக்குப் போய்விட்டார். அம்மாவை உள்ளே படுக்க வைத்தபோது என் கை அவள் முதுகுக்கு அடியில் இருந்தது. தகடு ஏற்கெனவே ஜில்லென்றிருந்தது. நான் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்று பகலும் ராத்திரியும் பெட்டி ஒழுங்காக ஓடியது. சின்னக் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் நாலு டிகிரி என்று காட்டும், அதைத் தாண்டவில்லை. சனிக்கிழமை மத்தியானம் தங்கச்சி மதுரையில் இறங்கி வந்துவிடுவாள் என்று கணக்கு. சனிக்கிழமை என்றதுமே ஊரில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. சனிப் பொணம் தனிப் போகாது, கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகும் என்பார்கள். அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம் என்றார்கள். நான் முடியாது என்றேன். "ஒரு கோழியக் கட்டி விட்ருவோம், அது தொணைக்குப் போகட்டும். பிள்ள வரட்டும்" என்று போனிலேயே தீர்ப்புச் சொன்னவர் பரளச்சி மாமா, அம்மாவின் உடன்பிறந்த தம்பி.

அந்த மாமா சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தார். கையில் பிறந்த வீட்டுக் கோடி. பெண் எத்தனை வயதில் இறந்தாலும் பிறந்த வீட்டுச் சேலை மேலே விழாமல் எங்கள் பக்கம் எடுக்க மாட்டார்கள். அரக்கு நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கனத்த சரிகைக் கரை போட்ட சேலை. கண்ணாடியைத் தூக்கினோம். மாமா சேலையை விரித்து, அம்மாவின் கழுத்திலிருந்து கால்வரை போர்த்தினார். நான் மூடப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"மாப்ளே, அஞ்சு வருசமா மானம் பெய்யல. எங்க அக்காளுக்கு ஒரு பொங்கப்படி கொண்டாந்து வைக்க எனக்கு வக்கில்ல. இந்தச் சேலயாவது நாலு பேரு கண்ணுல படட்டும்பா. உள்ள மடிஞ்சு கெடந்தா எவனுக்குத் தெரியும்?"

அவர் சொன்னது எனக்குச் சரியென்று பட்டது. அம்மாவும் அதைத்தான் விரும்பியிருப்பாள். கால்மாட்டில் முந்தியை ஒரு முழம் வெளியே எடுத்து விட்டு, சரிகை தெரியும்படி நானே நீவித் தொங்கவிட்டு, கண்ணாடியை மூடினேன். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பத்தரைக்குப் போன் வந்தது. விமானம் தாமதம், மதுரையில் இறங்கவே ரெண்டு மணி ஆகும் என்றாள் தங்கச்சி. "சரிம்மா, நீ பதறாம வா" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். சிவப்பு எழுத்து ஏழு என்று காட்டியது.

முதலில் நான் பயப்படவில்லை. அது காட்டில் கிணற்று மோட்டார் ஓடுகிற நேரம். மோட்டார்கள் ஓடினால் வீட்டுக் கரண்டு இளைத்துவிடும். மீட்டரை வைத்துப் பார்த்தேன், நூற்று எழுபது வோல்ட்தான் இருந்தது. டவுனில் என் கடைக்கு ஆள் அனுப்பி ஸ்டெபிலைசரை எடுத்துவரச் சொல்லி மாட்டினேன். கரண்டு இருநூற்று இருபதில் நின்றது. எழுத்து எட்டுக்குப் போனது.

தலைமாட்டில் இயந்திரம் மூச்சுவிடுகிற கம்பிவலை. அதன்மேல் வந்தவர்கள் எல்லோரும் மாலையைச் சாத்தியிருந்தார்கள். ஆள் உயரத்துக்குச் சம்பங்கியும் செவ்வந்தியும். ஊரார் வீட்டில் இதைப் பார்த்திருந்தால் ஒரு பாட்டம் கத்தியிருப்பேன். இங்கே ஒவ்வொரு மாலையாக எடுத்து முற்றத்தில் வைத்தேன். வலையில் படிந்திருந்த தூசியைப் பிரஷ் வைத்துத் துடைத்தேன். விசிறி சுற்றுகிறது, சூடான காற்று வெளியே வருகிறது, இயந்திரம் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடுகிறது. எழுத்து ஒன்பது.

அதற்குள் திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் மாரடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். வந்த வேகத்தில் ஒருத்தி கண்ணாடியைத் தூக்கக் கை வைத்தாள்.

"தொறக்காதீக!"

என் சத்தத்தில் ஒப்பாரியே நின்றுவிட்டது.

"தொட்டு அழுகக்கூட விட மாட்டேங்கானே பாவி. இவன் என்ன பெத்த ஆத்தாளக் கடைச் சரக்கு மாதிரி பூட்டி வச்சிருக்கான்?" என்றாள் அவள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று பெட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கத் தொடங்கியிருந்தது. அம்மாவின் முகம் மங்கிக்கொண்டு போனது. வெளியிலிருந்து துண்டால் துடைத்தேன். உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே துடைத்தால் போகுமா? போகாது என்று தெரிந்தும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்கு எழுத்து பதினொன்று. பெட்டி கொண்டுவந்தவருக்குப் போன் செய்தேன். "வேற பொட்டி இல்லண்ணே, எல்லாம் வெளிய போயிருக்கு. கேஸு போயிருக்குமோ?" என்றார். கேஸ் போயிருந்தால் அந்தக் கூடத்தில் வைத்து என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. பந்தலில் ரெண்டு பெரியவர்கள் எழுந்து வந்து, ஒன்பது வருடத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில் நின்று, அதே கேள்வியைக் கேட்டார்கள். "என்னப்பா, தாங்குமா?"

"தாங்கும்" என்றேன். அது பொய். தாங்குமா தாங்காதா என்று அப்போது எனக்கே தெரியாது.

பெட்டியின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்தேன். அடக்க முடியாமல் அழுகை வந்தது. என் வீட்டுக்காரி வந்து பக்கத்தில் குனிந்தாள். 

"ஏங்க, அடுத்தவுக வீட்டுக்குப் போனா மொதல்ல என்ன பாப்பீக?"

"ரப்பரப் பாப்பேன்."

"இங்க பாத்தீகளா?"

பார்க்கவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். கரண்டைப் பார்த்தேன், வலையைப் பார்த்தேன், ஊரைத் திட்டினேன். ஊருக்கெல்லாம் முதலில் சொல்கிற ஒன்றைப் பார்க்கவில்லை. தாளை வைத்து இழுக்க வேண்டுமென்றால் கண்ணாடியைத் தூக்க வேண்டும், இருக்கிற குளிரும் போய்விடும். தலைமாட்டில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றை உருவினேன்.

"காத்தாடிய நிப்பாட்டுங்க. யாரும் வீசாதீக."

"இந்த வெக்கையிலயா?" என்று முனகினாலும் நிறுத்தினார்கள். ஊதுபத்தியைப் பெட்டியின் விளிம்பை ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தேன். தலைமாட்டில் புகை நேராக மேலே போனது. வலது பக்கம் நேராகப் போனது. இடது பக்கமும் அப்படித்தான். கால்மாட்டுக்கு வந்ததும் புகை சட்டென்று மடங்கித் தரைக்கு இறங்கியது. கையை வைத்தேன். உள்ளிருந்த குளிர் மொத்தமும் என் உள்ளங்கையில் வழிந்துகொண்டிருந்தது.

அரக்குச் சேலையின் முந்தி. நான் நீவித் தொங்கவிட்ட அதே ஒரு முழம். அந்தக் கனத்த சரிகைக் கரை, ரப்பர் படிய விடாமல் கண்ணாடியை ஒரு நெல் அளவுக்குத் தூக்கி நிறுத்தியிருந்தது. அங்கே மட்டும் உள்ளே தகட்டில் வெள்ளையாகப் பனி கட்டியிருந்தது.

சேலைக்குப் பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் முந்தியைத் தொட்டுப் பார்த்து, "பொறந்த வீட்டுக் கோடி நல்லாத்தான் எடுத்திருக்காக" என்று சொல்லிவிட்டுப் போனதை அவர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது என் கையையும் ஊதுபத்தியையும் முந்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதாலயா மாப்ளே?"

வாழ்நாளெல்லாம் வாய் நீளமென்று பெயர் வாங்கிய எனக்கு, அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல வரவில்லை.

"இல்ல மாமா, மெசினு கோளாறு. சேல நனையுது பாருங்க, சரிக கெட்டுப்போகும். உள்ள வச்சிருவோமா?"

அவர் எழுந்தார். நான் கண்ணாடியை நாலு விரல் தூக்கினேன். அவரே முந்தியை மடித்து மடித்து, அக்காவின் பாதத்துக்கு மேலே வைத்தார். மடிப்பை ரெண்டு தரம் தட்டிக்கொடுத்தார். "நாலு பேரு பாத்துட்டாக. போதும்" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். கண்ணாடியை இறக்கி, ஊதுபத்தியை மறுபடி பிடித்தேன். புகை நேராகப் போனது.

ஒரு மணிக்கு எழுத்து பத்து. ரெண்டு மணிக்கு ஏழு. தங்கச்சி மதுரையில் இறங்கிவிட்டதாகச் சொன்னாள். பெட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, யார் வந்தாலும் "அவ வரட்டும், அப்பறம் தொட்டுக்கிருங்க" என்று மட்டும் சொன்னேன். மூன்று மணிக்கு ஐந்து. கண்ணாடி தெளிந்தது. அம்மாவின் முகம் அப்படியே இருந்தது. மூன்றரைக்கு நாலு வந்து, அங்கேயே நின்றது. 

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கார் வந்தது. தங்கச்சி இறங்கினாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொள்ள ஓடினார்கள். அவள் யாரையும் பார்க்காமல் விலக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்தாள். நான் கண்ணாடியை முழுக்கத் தூக்கி எடுத்துச் சுவரோரம் சாத்தினேன்.

அவள் ரெண்டு கையையும் அம்மாவின் கன்னத்தில் வைத்தாள். கை சுரீரென்று பின்னால் வந்தது. மறுபடி வைத்தாள். எத்தனையோ சாவைப் பார்த்த நர்ஸ்தான். திரும்பி என்னைப் பார்த்தபோது அவள் முகம் சின்னப் பிள்ளையின் முகமாக இருந்தது.

"ஏண்ணே, அம்மாவுக்குக் குளுருமேண்ணே. அமத்துண்ணே."

நான் தலைமாட்டுக்குப் போனேன். சிவப்பில் நாலு என்று எரிந்துகொண்டிருந்தது. அந்த நாலுக்காகத்தான் காலையிலிருந்து உயிரை விட்டிருந்தேன். ஸ்விட்சை அமத்தினேன். இயந்திரம் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

தங்கச்சி குனிந்து, பாதத்தின்மேல் இருந்த மடிப்பைப் பிரித்தாள். முந்தியை மேலே இழுத்து, அம்மாவின் தலையோடு போர்த்தி, ரெண்டு காதையும் மூடி, தாடைக்கு அடியில் செருகினாள். மாமா வாய்விட்டு அழுதார். ஃப்ரிட்ஜைத் திறக்கப் போகிற அம்மா அப்படியே எனக்கு முன்னால் இருந்தாள். 'அவ வந்துட்டாம்மா' என்று மனசுக்குள் சொன்னேன்.

பந்தலிலிருந்து பெரியவர் ஒருவர் வாசலுக்கு வந்து, "எடுத்துருவோமாப்பா? பொழுது எறங்குது" என்று என்னிடம் கேட்டார்.

"அவ சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு, தங்கச்சிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.